கையைத் தாழ்த்தினால் எத்தனை மார்க்?

பாட்டுக்கும் நடனத்துக்கும் மார்க் போடலாமா, போட்டாலும் அதைப் பிள்ளைகளுக்குக் காட்டலாமா என்று யாராவது பேசத் தொடங்கினால் எனக்கு மெல்லக் கோபம் ஏறும். பேசுகிறவர்கள் பெரும்பாலும் முன்வரிசையில் இருந்து படித்தவர்கள். “கலையை அளக்க முடியுமா?” என்று அவர்கள் கேட்கும்போது கூட்டத்தில் எல்லாரும் தலையாட்டுவார்கள். நானும் ஆட்டுவேன். ஆனால் மார்க்கைக் காட்டாத ஒரு வகுப்பில் நாலு வருஷம் பாட்டுப் படித்தவள் நான். அங்கே மார்க் இல்லாமல் இருந்ததே இல்லை. காட்டாத மார்க்கை நாங்களே தேடிக் கண்டுபிடித்துக்கொண்டோம். அதில் நான் கண்டுபிடித்த மாதிரிப் பிழையான மார்க்கை வேறு யாரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள்.

அது யுத்த காலம். எங்கள் வீடு கொட்டாஞ்சேனையில், ஒரு குறுக்குத் தெருவின் உள்ளே. முன்னறையில் அப்பாவின் தையல் மெஷின், பின்னறையில் நாங்கள். அப்பா வாலிப வயதில் தேயிலைத் தோட்டத்தை விட்டுக் கொழும்புக்கு இறங்கி வந்தவர். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பள்ளிக்கூடச் சீருடை தைத்துத்தான் என்னையும் பள்ளிக்கூடம் அனுப்பினார். எனக்குப் பாட்டு வரும் என்று முதலில் சொன்னது பள்ளிக்கூடத்துச் சங்கீத மிஸ். சொன்னதோடு நிற்காமல், பரீட்சைக்குப் பிள்ளைகளைத் தயார்படுத்தும் வகுப்பு ஒன்று வெள்ளவத்தையில் நடக்கிறது என்று வழியும் காட்டிவிட்டார். அந்தப் பரீட்சை தரம் தரமாக ஏறும். கடைசித் தரமும் பாஸ் பண்ணினால் பாட்டு டீச்சராகலாம். அம்மாவுக்கு அந்த ஒரு வசனம் போதுமாக இருந்தது. கொட்டாஞ்சேனைக்கும் வெள்ளவத்தைக்கும் நடுவில் முழுக் கொழும்பும் கிடக்கிறது என்பதை அவள் யோசிக்கவே இல்லை.

சனிக்கிழமை தோறும் கோட்டைக்கு ஒரு பஸ், அங்கிருந்து காலி வீதியால் இன்னொரு பஸ். வழியில் சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கி, அடையாள அட்டையைப் பார்த்து, பையைக் கிளறி, திரும்ப ஏற்றுவார்கள். நகரத்தில் ஏதாவது வெடித்திருந்தால் அந்தக் கிழமை இரண்டு இடத்தில் இறங்க வேண்டியிருக்கும். என்னைப் போலத் தூரத்திலிருந்து வந்தவர்கள் வகுப்பில் வேறு யாரும் இல்லை. பம்பலப்பிட்டிப் பிள்ளைகள் நடந்தே வந்துவிடுவார்கள். நான் முதல் நாளே பிந்தினேன். போய்ச் சேரும்போது டீச்சர் சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லி முடித்து, சுருதிப் பெட்டியைத் திறந்துவிட்டார்.

வகுப்பு, கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில், மேல்மாடி வீட்டு ஹாலில். டீச்சருக்கு அப்போது முப்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. யாழ்ப்பாணத்துக்காரர். கிழமை நாட்களில் ஒரு கந்தோரில் டைப் அடிக்கும் வேலை, சனிக்கிழமை எங்களோடு போராட்டம். ஹாலின் நடுவில் ஒரே ஒரு ஃபேன். அதன் கீழே இடம் பிடித்தவர்கள் பாக்கியசாலிகள். ஒழுங்கையைப் பார்த்த ஜன்னல் எந்நேரமும் பாதி சாத்தியிருக்கும், அந்தப் பக்கம் காற்று எட்டியும் பார்க்காது. கிழமைக்குக் கிழமை பிந்தி வந்த எனக்கு மட்டும் அந்த இடம்தான் மிச்சம். செருப்பை வாசலில் விடாமல் உள்ளே கொண்டுவந்து பழைய பேப்பரின் மேல் வைக்க வேண்டும் என்றும் ஒரு சட்டம் இருந்தது. வெள்ளவத்தையில் செருப்புக் கள்ளர் அதிகம் போல என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் நாள் நான் வாயைத் திறந்து ‘ஸ’ பிடித்ததும் டீச்சர் என்னைப் பார்த்தார். வலது கை தாளம் போட்டுக்கொண்டே இருக்க, இடது கையை உள்ளங்கை கீழே பார்க்க நீட்டி, மெல்லத் தாழ்த்தினார். மாவின் மேல் துணியைப் போட்டு அமுக்குகிற மாதிரி ஒரு அமுக்கு. நான் குரலைக் குறைத்தேன். இன்னும் தாழ்த்தினார். இன்னும் குறைத்தேன். பிறகு அவர் மற்றப் பக்கம் திரும்பிவிட்டார்.

அடுத்த கிழமையும் அதே கை. அதற்கடுத்த கிழமையும் அதே கை. ஃபேனுக்குக் கீழே இருந்தவர்கள் தொண்டை கிழியப் பாடினாலும் டீச்சர் தாளத்தோடு இருப்பார். நான் கொஞ்சம் குரலை விட்டால் போதும், இடது கை எழும்பிவிடும். தனித்தனியாகப் பாடும் முறை வரும்போதும் அவரவர் இருந்த இடத்திலிருந்தே பாடுவோம். எனது முறை வந்தால் கை தயாராக நிற்கும். இதற்கு வேறு என்ன அர்த்தம் இருக்க முடியும்? எனக்குக் குரல் இல்லை. டீச்சர் நல்ல மனுஷி, அதை வாயால் சொல்லாமல் கையால் சொல்கிறார். அவ்வளவுதான்.

மார்க்கைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் வழியில்லை. பரீட்சை முடிந்து பல மாதம் கழித்து முடிவுகள் வரும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு மதிப்பீட்டுத் தாள், அதில் மார்க்கும் பரீட்சகரின் குறிப்பும் இருக்கும் என்று எங்களுக்குத் தெரியும். டீச்சர் அந்தக் கட்டை அப்படியே அலுமாரிக்குள் வைத்துவிட்டு வந்து, “எல்லாரும் பாஸ். அடுத்த தரத்துக்குக் கொப்பியை எடுங்கோ” என்பார். ஒருமுறை ஒருத்தி துணிந்து, “எத்தினை மார்க்ஸ் டீச்சர்?” என்று கேட்டாள். “மார்க்ஸ் என்ன சோறா, வைச்சுச் சாப்பிட? பாடுங்கோ” என்று பதில் வந்தது. அதன் பிறகு யாரும் கேட்கவில்லை.

வாயால் கேட்கவில்லையே தவிர, எங்கள் ஆராய்ச்சி நிற்கவில்லை. பாடும்போது டீச்சர் கண்ணை மூடினால் எழுபது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றினால் எண்பது. “ம்” என்றால் ஐம்பது, “ம்ம்” என்றால் அறுபது. சுருதிப் பெட்டியைப் பிடிக்கச் சொன்னால் அவளுக்கு அடுத்த விழாவில் முன்வரிசை நிச்சயம். இப்படி ஒரு முழுப் பரீட்சைச் சபையையே நாங்கள் மொட்டை மாடிப் படிக்கட்டில் வைத்து நடத்தினோம். கிழமை முழுவதும் கந்தோரில் டைப் அடித்த மனுஷி சனிக்கிழமை மத்தியானம் கண்ணை மூடினால் அது நித்திரையாகவும் இருக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எழுபது வாங்கியவள் பூரித்துப் போய் வீட்டுக்குப் போவாள்.

எனக்குத்தான் அந்தப் பட்டியலில் இடமில்லை. கையைத் தாழ்த்தினால் எத்தனை மார்க் என்று நான் யாரையும் கேட்கவுமில்லை. கேட்டால் என் கொட்டாஞ்சேனைப் பேச்சு முதலில் சிரிப்பாகும், பிறகு என் குரலும் சிரிப்பாகும். நானே ஒரு மார்க் போட்டுக்கொண்டேன். முப்பத்தைந்து. யாரோ ஒரு பரீட்சகரின் இரக்கத்தால் பாஸாகிக்கொண்டிருக்கிறேன் என்று ஒரு கணக்கு.

முன்வரிசையில் பம்பலப்பிட்டிக்காரி ஒருத்தி இருந்தாள். கெட்டிக்காரி, கெட்டவளும் இல்லை. மழை நாளில் பஸ் நிறுத்தம் வரைக்கும் என்னைத் தன் குடைக்குள் கூட்டிக்கொண்டு வருவாள். “மார்க்ஸ் காட்டாதது நல்லதுதானே. நாங்கள் மனசுக்குத்தானே பாடுறம்” என்று ஒருநாள் சொன்னாள். ஓம் ஓம் என்று நானும் சொன்னேன். சுருதிப் பெட்டி மடியில் இருக்கிறவளுக்கு அப்படிச் சொல்வதில் என்ன கஷ்டம்? குடைக்குள் நின்றபடியே எனக்கு அவள் மேல் எரிச்சல் வந்தது.

நாலு வருஷத்தில் என் குரல் எங்கே போனது என்று எனக்கே தெரியாது. வகுப்பில் குறைந்தது முதலில். பிறகு வீட்டில் குறைந்தது. நான் பாடிப் பழகும்போது அப்பா மெஷினை நிறுத்தினால்தான் கேட்கும் என்ற நிலை வந்தது. பரீட்சையிலும் அப்படித்தான். மேசைக்குப் பின்னால் இருந்த பரீட்சகர் ஒருமுறை காதுக்குப் பின்னால் கையை வைத்துச் சாய்ந்து கேட்டார். அதையும் என் குறைகளின் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

நாலாவது வருஷம் பள்ளிக்கூடத்தில் என் உயர்தரப் பரீட்சை முடிந்திருந்தது. அப்பாவுக்குத் துணி கொடுக்கும் புறக்கோட்டை முதலாளி ஒருவர், நல்ல மனுஷர், தன் கடையில் பில் போட ஒரு பெண்பிள்ளை தேவை என்றார். “ஒங்க மகள அனுப்புங்க, நம்ம புள்ள மாதிரிப் பாத்துக்குவேன். திங்கக்கிழமைக்குள்ள சொல்லிருங்க” என்று அப்பாவிடம் கேட்டிருந்தார். கிழமையில் ஆறு நாள் வேலை. சனிக்கிழமை கடையில் சனம் கூடுகிற நாள். அதாவது வேலைக்குப் போனால் வகுப்பு இல்லை. வகுப்பு இல்லாவிட்டால் பரீட்சை இல்லை, பாட்டும் அதோடு சரி.

அப்பா என் முகத்தைப் பார்த்து, “நீதான் சொல்லணும். பாட்டுத்தான் ஒனக்குன்னா நான் முதலாளிகிட்ட இல்லன்னு சொல்லிர்றேன்” என்றார். இதில்தான் நான் மாட்டிக்கொண்டேன். பாட்டுத்தான் எனக்கு என்று சொல்ல எனக்கு ஆசை. ஆசை கொஞ்சமில்லை, தொண்டை வரைக்கும் இருந்தது. ஆனால் எந்த முகத்தோடு சொல்வது? குரல் இல்லாதவளுக்காக அப்பா இன்னும் எத்தனை வருஷம் குனிந்து தைப்பது? “வேலைக்குப் போறேன்” என்றேன். சொல்லிவிட்டுப் பின்னறைக்குப் போய்ப் பாயில் குப்புறப் படுத்தேன்.

அம்மா விடவில்லை. வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“ஏன் நிப்பாட்டுற?”

“எனக்குக் கொரல் இல்லம்மா.”

“யார் சொன்னது?”

“டீச்சர்.”

“டீச்சர் வாயத் தொறந்து சொன்னாங்களா?”

நான் கையைத் தாழ்த்திக் காட்டினேன். அம்மா அந்தக் கையைப் பிடித்து இறக்கிவிட்டாள். பிறகு, “கை காட்டுனதெல்லாம் எனக்குத் தெரியாது. நாளைக்கு நானும் வாறேன். அந்தம்மா எம் மொகத்துக்கு நேரா ‘ஒம் புள்ளைக்குக் கொரல் இல்ல’ன்னு சொல்லட்டும். அதுக்கப்பறம் நிப்பாட்டலாம்” என்றாள்.

அடுத்த நாள் சனிக்கிழமை. வெறுங்கையோடு போகக்கூடாது என்று அம்மா ஒரு சீப்புக் கதலிப்பழம் வாங்கிப் பையில் போட்டாள். சோதனைச் சாவடியில் இறக்கியபோது சிப்பாய் அந்தப் பையைத்தான் முதலில் பிடித்தான். “கெசெல் மல்லி, கெசெல் விதரய்” என்றாள் அம்மா. வாழைப்பழம் தம்பி, வாழைப்பழம் மட்டும்தான். அவன் எண்ணிப் பார்க்கிற மாதிரி ஒவ்வொரு பழமாகத் தொட்டுப் பார்த்துவிட்டு விட்டான். அம்மா பஸ்ஸில் ஏறியதும், “இவனே தொட்டுக் கனிய வச்சிட்டான்” என்று முணுமுணுத்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் டீச்சரிடம் என்ன கேட்டு வைக்கப்போகிறாளோ என்பதே யோசனையாக இருந்தது.

வகுப்பு முடிந்து எல்லாரும் போகும் வரைக்கும் அம்மா வெளிப்படியில் இருந்தாள். பிறகு உள்ளே வந்து, பழத்தை மேசையில் வைத்து, நின்றபடியே கேட்டாள்.

“டீச்சர், எம் புள்ளையோட மார்க்கக் காட்டுங்க.”

டீச்சர் திகைத்துப் போனார். “இருங்கோ அம்மா, முதல்ல இருங்கோ. நான் மார்க்ஸ் காட்டுறேல்லை. ஒருதருக்கும் காட்டினதில்லை. பிள்ளையள் ஒண்டை ஒண்டு பாத்து மனம் உடைஞ்சு போகும்.”

“மத்த புள்ளைக மார்க் எனக்கு வேணாம். இவ மார்க்க மட்டும் காட்டுங்க. இவ ஏற்கெனவே ஒடஞ்சுதான் கெடக்குறா. இனிமே ஒடையிறதுக்கு ஒண்ணும் இல்ல.”

நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அம்மாவை அப்படியே இழுத்துக்கொண்டு போய்விடலாம் போலிருந்தது.

டீச்சர் கதிரையில் போய் உட்கார்ந்தார். அவர் குரல் மாறிவிட்டது. “நான் படிக்கேக்கை மார்க்ஸை மண்டபத்தில எல்லாருக்கும் முன்னால வாசிச்சவை அம்மா. எனக்கு நாப்பத்திரண்டு. பின்னால ஆரோ சிரிச்சவை. அதுக்குப் பிறகு ஒரு வருசம் நான் வாய் திறக்கேல்லை. என்ர பிள்ளையளுக்கு அது வரக்கூடாது எண்டுதான்…”

அதை அதற்கு முன் அவர் எங்களிடம் சொன்னதில்லை. அவர் ஒருகாலத்தில் நாற்பத்திரண்டு வாங்கியவர் என்பது எனக்குப் பெரிய அதிசயமாக இருந்தது. அம்மாவுக்கும் கொஞ்சம் இரக்கம் வந்திருக்க வேண்டும். ஆனாலும் தன் பிடியை விடவில்லை. “அது சத்தமா வாசிச்சது தப்பு டீச்சர். இவ காதுல மட்டும் சொல்லுங்க. வேலைக்கு அனுப்புறதா, பாட்டுக்கு அனுப்புறதான்னு திங்கக்கிழமைக்குள்ள நாங்க சொல்லியாகணும்.”

டீச்சர் எழும்பிப் போய் அலுமாரியைத் திறந்தார். கட்டைப் பிரித்து ஒரு தாளை எடுத்துக்கொண்டு வந்தார். முதலில் தான் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு என்னிடம் நீட்டினார். வாங்கிப் பார்த்தேன். முப்பத்தைந்து என்று நான் போட்டு வைத்திருந்த இடத்தில் அறுபத்தொன்று என்று எழுதியிருந்தது. கீழே சாய்ந்த எழுத்தில் இரண்டு வரிகள்: சுருதி நிற்கிறது. குரலை அடக்கிப் பாடுகிறார், திறந்து பாடப் பழக வேண்டும்.

சுருதி நிற்கிறது. அந்த இரண்டு சொல்லை நான் திரும்பத் திரும்ப வாசித்தேன். அறுபத்தொன்று பெரிய மார்க் இல்லை. அறுபத்தொன்று வாங்கியவளுக்கு யாரும் மாலை போடுவதில்லை. ஆனால் என்னைத் தெரியாத ஒருவர், நான் எந்த ஊர், யாருடைய மகள் என்று அறியாத ஒருவர், என் பாட்டைக் கேட்டு அதில் இருந்ததை எழுதியிருந்தார். அதில் இல்லாதது எது என்றும் எழுதியிருந்தார்.

“இந்தக் குறிப்பை நான் இண்டைக்குத்தான் வாசிக்கிறன்” என்றார் டீச்சர். “பாஸ் எண்டதை மட்டும் பாத்திட்டு வைச்சிடுவன். வாசிச்சா எனக்கும் ஒரு அபிப்பிராயம் விழுந்திடும் எண்டு பயம். அது சரி, நீர் ஏன் பிள்ளை பரீட்சையில அடக்கிப் பாடினனீர்? நாளாக நாளாக உம்மட குரல் குறைஞ்சு போக, உமக்குக் குரலே அவ்வளவுதான் எண்டெல்லே நான் நினைச்சிருந்தனான்.”

“நீங்கதானே டீச்சர் கொறைக்கச் சொன்னீங்க.”

“நானோ? எப்ப?”

நான் இடது கையை நீட்டி, உள்ளங்கையைக் கீழே பார்க்க வைத்துத் தாழ்த்தினேன்.

டீச்சர் என் கையைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டார்.

“ஐயோ பிள்ளை, அது ஜன்னலுக்கெல்லே!”

எனக்கு விளங்கவில்லை. அம்மாவுக்கும் விளங்கவில்லை. டீச்சர் என்னை இழுத்துக்கொண்டு போய், பாதி சாத்திய ஜன்னலுக்கு ஊடாகக் காட்டினார். ஒழுங்கை முடிகிற மூலையில் மணல் மூட்டை அடுக்கிய காவலரண். அதற்குள் துவக்கோடு ஒரு சிப்பாய். நான் கிழமைக்குக் கிழமை அதைத் தாண்டித்தான் வந்துகொண்டிருந்தேன்.

“தமிழ் வீட்டில ஒரு கூட்டம் கூடுது எண்டு ஆரும் போய்ச் சொன்னா எனக்குத்தானே கரைச்சல். கீழ்வீட்டுக்காரரும் ஒருக்கா வந்து கதைச்சவர். அதாலதான் செருப்பையும் உள்ளுக்க வைக்கிறது, வாசல்ல கிடந்தா எத்தினை பேர் எண்டு தெரியும். ஜன்னலடியில இருந்து பாடினா சத்தம் நேர அங்க போகும். ஜன்னல் பக்கம் இருக்கிறவை குறைச்சுப் பாடுங்கோ, நான் கை காட்டுவன் எண்டு முதல் நாளே எல்லாருக்கும் சொன்னனானே!”

முதல் நாள் நான் அங்கே இல்லை. அவர் அதைச் சொல்லிக்கொண்டிருந்த நேரம் நான் காலி வீதியில், அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றிருப்பேன். சிப்பாய்க்குப் பயந்து காட்டிய கையை என் குரலுக்குப் போட்ட மார்க் என்று நாலு வருஷம் சுமந்திருக்கிறேன். செருப்புக் கள்ளர் என்று ஒன்றும் வெள்ளவத்தையில் இல்லை.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத் தொடங்கியதும் அழுகையும் வந்தது. அம்மா எனக்கு என்ன ஆனதென்று தெரியாமல் முதுகைத் தடவினாள். டீச்சரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு திடீரென்று அவருக்குள் டீச்சர் திரும்பி வந்துவிட்டார். “சரி, இஞ்சால வாரும்” என்று என்னைப் பின்பக்கத்து அறைக்குள் கூட்டிக்கொண்டு போனார். குசினிக்குப் பக்கத்து அறை. ஜன்னல் கிடையாது. சுருதிப் பெட்டியைத் திறந்து, “இப்ப பரீட்சைக்குப் பாடின வர்ணத்தை உம்மட முழுக் குரலில பாடும். ஆருக்கும் பயப்பிட வேண்டாம்” என்றார்.

பாடினேன். முதலில் வந்தது குரலே இல்லை, பூட்டிக் கிடந்த கதவைத் தள்ளுகிற மாதிரி ஒரு கரகரப்பு. இரண்டாம் முறை திறந்தது. அறை முழுவதும் என் குரல் நிறைந்ததைக் கேட்டு நானே பயந்துபோனேன். மேலே ஏறினேன். மேல் ஸட்ஜத்தில் எட்டாமல் தொங்கினேன். மூச்சு முடிந்து சொல்லை நடுவில் வெட்டினேன். கீழே இறங்கும்போது தாளத்தை விட்டுவிட்டு நான் முன்னால் போய்விட்டேன். முடித்துவிட்டு டீச்சரைப் பார்த்தேன்.

அவர் கண்ணை மூடவில்லை, கண்ணாடியைக் கழற்றவில்லை. விரலை மடக்கிச் சொல்லத் தொடங்கினார். “மேல் ஸட்ஜம் காணாது, அரைவாசியில நிக்குது. மூச்சை எங்க எடுக்கிறது எண்டு உமக்குத் தெரியேல்லை. கமகம் எல்லாத்தையும் விழுங்கிறீர். ரெண்டாங் காலத்தில ஓடுறீர். சொல்லுச் சுத்தமில்லை.” மடக்கிய விரல்களை விரித்தார். “நாலு வருசமா இதில ஒண்டும் எனக்குக் கேக்கேல்லை. நீர் கேக்க விடேல்லை. இப்ப கேக்குது. இனித் திருத்தலாம்.”

அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. “என்னா டீச்சர், புள்ள இப்பத்தான் வாயத் தொறக்குது. அதுக்குள்ள ஒரேயடியாக் கொறையா அடுக்குறீங்க?”

“இல்லம்மா, அவங்க சொல்லட்டும்” என்றேன். “இன்னும் இருக்கா டீச்சர்?”

“இருக்கு” என்றார் டீச்சர். நான் அவ்வளவு சந்தோஷமாக என் வாழ்க்கையில் திட்டு வாங்கியதில்லை. குரல் இல்லை என்றால் செய்வதற்கு ஒன்றுமில்லை. மேல் ஸட்ஜம் எட்டவில்லை என்றால் ஏறிப் பார்க்கலாம்.

அதற்குப் பிறகு வகுப்பில் நடந்ததையும் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. டீச்சர் அடுத்த கிழமையிலிருந்து ஒவ்வொருவரையும் தனியாகப் பின்னறைக்குக் கூப்பிட்டு அவரவர் தாளைக் காட்டினார். மற்றவருக்குச் சொல்வதும் சொல்லாததும் அவரவர் விருப்பம். பம்பலப்பிட்டிக்காரிக்கு எழுபத்துநாலு. ஆனால் குறிப்பில் பாடமாக்கி ஒப்புவிக்கிறார் என்று ஒரு வரி இருந்ததாம். அவள் இரண்டு கிழமை வரவில்லை. வந்த பிறகு குடைக்குள் நின்று, “எனக்கு இது தெரியாமலே இருந்திருக்கலாம்” என்றாள். அவளுக்கு அது உண்மை. எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ந்தது என்றால் அதுவும் உண்மை. ஆனால் அவள் அழுத முகத்தைப் பார்த்த பிறகு, மார்க்கைக் காட்டுவது எல்லாருக்கும் ஒரே மருந்து என்று அடித்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காட்டுகிறவர் பக்கத்தில் இருந்து, பிழையை எப்படித் திருத்துவது என்றும் சொல்ல வேண்டும். காட்டிவிட்டு எழும்பிப் போனால் அது மண்டபத்தில் வாசித்ததற்குச் சமம். மறைப்பதை மட்டும் நான் இன்றைக்கும் ஒத்துக்கொள்ள மாட்டேன். மறைத்தால் பிள்ளை சும்மா இருக்காது. ஒரு கண், ஒரு கை, ஒரு இருமல், எதையாவது பிடித்து மார்க்காக்கிக்கொள்ளும். அதில் எழுபது வாங்கியவள் ஏமாந்து போவாள், முப்பத்தைந்து வாங்கியவள் வேலைக்குப் போய்விடுவாள்.

அன்றைக்கு நாங்கள் வீட்டுக்குத் திரும்பும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. பஸ்ஸில் அம்மா என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். “அப்போ ஒனக்குக் கொரல் இருக்குத்தானே?” “இருக்கும்மா” என்றேன். பிறகு அவள் கோட்டை வரைக்கும் நித்திரை கொண்டாள். நான் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்து, கடல் காற்றில் அந்த வர்ணத்தை வாய்க்குள் பாடிக்கொண்டே வந்தேன். பக்கத்து சீட்டில் ஒரு சிங்களப் பெண் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

அப்பா மெஷினில் இருந்தார். நாங்கள் உள்ளே வந்ததும் மிதியிலிருந்து காலை எடுத்தார், சக்கரம் நின்றது. என் முகத்தைப் பார்த்தார், அதில் ஒன்றும் பிடிபடவில்லை போல, அம்மாவின் முகத்தைப் பார்த்தார்.

“என்னா சொன்னாங்க? முதலாளிக்கு நான் என்னா பதில் சொல்றது?”

அம்மா பையைக் கொளுவியில் மாட்டிவிட்டு, முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள்.

“வர மாட்டாள்னு சொல்லிருங்க. புள்ளைக்கு அறுவத்தொண்ணு. மிச்சம் முப்பத்தொம்பதும் எங்க இருக்குன்னு டீச்சர் இன்னைக்குச் சொல்லிட்டாங்க.”